ரிம்மருக்கு விழுந்த அடி

கேள்வி: 'ரெட் ட்வார்ஃப்' விண்வெளி நகைச்சுவைத் தொடரின் நாயகர்கள் தங்கள் பெண் வடிவங்களைச் சந்திக்கும் அத்தியாயம் வெறும் கூத்துதானே?

பதில்: கூத்துதான்; அடி யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். 1988-இல் பிபிசியில் வந்த 'பேரலல் யுனிவர்ஸ்' அத்தியாயத்தில், பெண்களை மடக்க அலையும் ரிம்மரிடம் அவனது பெண் வடிவமான ஆர்லீன் ரிம்மர் அதே வழிசலைக் காட்ட, ஐயா கூசி நெளிகிறார். தன் பெண் வடிவமான டெப் லிஸ்டரோடு குடித்துக் கும்மாளமிட்ட இன்னொரு நாயகன் லிஸ்டரோ கர்ப்பமாகிறான். அந்த இணை உலகில் பிள்ளை பெறுவது ஆண்கள். ('பூனை' என்ற நாயகனுக்கு வாய்த்த ஜோடி பெண் பூனையல்ல, ஒரு நாய்! பாவம்.) பெண்களை இப்படி அசிங்கமாகக் காட்டலாமா என்பீர்கள். ஆர்லீன் செய்வதெல்லாம் ரிம்மர் செய்வதுதான். அவன் செய்தபோது சிரித்துவிட்டு, அவள் செய்யும்போது முகம் சுளித்தால், கோளாறு கதையிலா இருக்கிறது? ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: பிரசவத்தையே தண்டனையாக்கியது மலிவான சிரிப்பு. ஆனாலும் பெண் வடிவங்கள் வெறும் கேலியோடு முடியவில்லை: கப்பல் கணினியான ஹாலியின் பெண் வடிவமாக வந்த ஹேட்டி ஹேரிட்ஜ், அடுத்த பருவத்தில் ஹாலியாகவே அமர்ந்துவிட்டார்.