நனையாக் கையுறை: ஓர் அகப்புற ஆய்வு

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ஹியூ மன்றோ என்பவர் 1891-இல் பட்டியலிட்டார். பல திருத்தங்களுக்குப் பின் இன்று அந்தப் பட்டியலில் இருப்பவை 282. அத்தனையிலும் ஏறியே தீருவது என்று மழையோடு மழையாகப் புறப்படுவோர் ஏராளம். அவர்கள் கால் போன பாதைகளைப் பற்றி நூல்கள் குவிந்து கிடக்கின்றன. கை பட்ட பாட்டை முறையாக ஆராய்ந்தார் எவருமிலர். இக்கட்டுரை அக்குறையை நீக்கும்.

1. ஈரத்தின் திணைகள்

கையுறைக்குள் சேரும் ஈரம் புறம், அகம் என இருவகைப்படும். புற ஈரமாவது மழை. அது துணி வழியே வரும், தையல் வழியே வரும், மணிக்கட்டு வழியே வரும். அக ஈரமாவது ஏற்றத்தில் சுரக்கும் வியர்வை. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு மழையைத் தடுத்து, வியர்வை ஆவியை வெளியே விடும். ஆனால் மேல்துணி நீரில் ஊறிவிட்டால் ஆவி வெளியேறுவது வெகுவாகக் குறையும். பிறகு கைக்குள் இருப்பது வந்த தண்ணீரா, சொந்தத் தண்ணீரா என்று பிரித்தறிய இயலாது. இதனைத் திணைமயக்கம் என்க.

2. மணிக்கட்டுச் சர்ச்சை

கையுறையின் வாய் ஜாக்கெட் கைக்கு மேலே இருக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். உள்ளே செருகப்பட வேண்டும் என்பார் மறுசாரார். கையைத் தொங்கவிட்டு நடக்கையில் செருகுவதே சரி. கூரையில் மேலோடு கீழோட்டின் மீது படிவதுபோல் ஜாக்கெட் கையுறை மீது படிந்து நீரை வெளியே வடிக்கும். ஆனால் பாறையைப் பற்றக் கையை உயர்த்திய மாத்திரத்தில் கூரை தலைகீழாகிவிடும். தண்ணீர் முழங்கையை நோக்கி ஓடும். ஆக, இரு கட்சியும் சரி. பாதைதான் கட்சி மாறுகிறது.

3. ஐவிரலா, மிட்டனா?

மிட்டனில் நான்கு விரல்கள் ஓரறையில் கூட்டுக்குடித்தனம் செய்வதால் சூடு தங்கும். ஆனால் திசைகாட்டியைத் திருப்பவோ ஜிப்பை இழுக்கவோ கையை வெளியே எடுத்தாக வேண்டும். ஐவிரல் கையுறையின் சோதனை வேறு. ஈரக்கையை உருவும்போது உள்துணியும் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். திரும்ப நுழைத்தால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒரே பொந்தில் சிக்கிக்கொள்ள, பக்கத்தில் ஒரு பொந்து ஆளில்லாமல் துவண்டு தொங்கும். ஆய்வாளர் அதைப் பல்லால் இழுத்துக்கொண்டு நிற்பார்.

ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மிட்டன் கெட்டிக் கம்பளியைச் சுருங்கவைத்துச் செய்வது. நனையமாட்டேன் என்று அது வாக்களிப்பதில்லை. நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும்.

4. உழைப்பாளர் மரபு

ஜப்பானின் ஷோவா நிறுவனம் குளிரிலும் ஈரத்திலும் கைவேலை செய்வோருக்காகச் செய்யும் நீலநிற டெம்ரெஸ் கையுறையை மலையேறிகளும் சுவீகரித்துக்கொண்டனர். அதன்மேல் இருப்பது பாலியூரித்தேன் பூச்சு. அதன் மாடல் எண் 282. மன்றோ மலைகளும் 282. இது தற்செயல் என்பர், தற்செயல்தான். ஆயினும் இதைவிட மெலிந்த சான்றுகளின் மேல் பல ஆய்வேடுகள் நின்றிருக்கின்றன.

5. தடையும் விடையும்

'கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டால் போதாதா?' எனின், போதாது. ஈரப்பாறையில் கால் வழுக்கும்போது முதலில் வெளியே வரவேண்டியது அந்தக் கையே.

6. முடிபு

உள்ளே மெல்லிய கம்பளி, அதன்மேல் தாராளமான நீர்த்தடுப்பு மிட்டன் என அடுக்குக. இறுக்கமானதை வாங்கற்க, ரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைக்கும். காற்று பறிக்காதிருக்க மணிக்கட்டில் வார் மாட்டுக. கடையிலேயே அணிந்து, கண்ணை மூடியபடி ஜிப்பை இழுத்துப் பார்க்க. இவற்றோடு மாற்று ஜோடி ஒன்றை நீர் புகாப் பையில் சுற்றி வைத்துக்கொள்க.

அந்த மாற்று ஜோடியை எப்போது எடுப்பது என்பதே தீராத வினா. எடுத்த கணமே அது நனையத் தொடங்கும். ஆகவே 'இன்னும் மோசமாகட்டும்' என்று காத்திருந்து, எடுக்காமலே மலையிறங்குவோர் உண்டு. நூறு சதவீதம் நீர் புகாத கையுறை அது ஒன்றே என்பது துணிபு.