மூக்குக்கு வந்த வழக்கு

கனடாவின் ஒன்டாரியோவில் பல மருத்துவமனைகள் ஊழியர்களுக்கு ஒரு விதி வைத்திருந்தன: ஃப்ளூ ஊசி போட்டுக்கொள், மாட்டேன் என்றால் சீசன் முழுக்க முகக்கவசம் மாட்டிக்கொள். எல்லாம் நோயாளி நலனுக்காகத்தான்.

நல்ல எண்ணம். ஆனால் ஃப்ளூ ஊசி, வைரஸோடு நன்றாகப் பொருந்துகிற ஆண்டில்கூட நோயை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். 2014–15 குளிர்காலத்திலோ எச்3என்2 வைரஸ் உருமாறி, ஊசிக்குப் பெப்பே காட்டிவிட்டது. விதி அசைந்துகொடுக்கவில்லை. ஊசி போட்டவர் மூக்கு காற்று வாங்கியது. போடாதவர் மூக்கு மட்டும் காவலில் இருந்தது. வைரஸ் அடையாள அட்டையைப் பார்த்து ஒதுங்கிப் போகும் என்று நிர்வாகம் நம்பியிருக்க வேண்டும்.

(ஊசியோடு எனக்குப் பகையில்லை. தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.)

செவிலியர் சங்கம் வழக்காடியது. சூ செயின்ட் மேரி மருத்துவமனை விஷயத்தில் 2015இல் நடுவர் ஜேம்ஸ் ஹேஸ், இந்த விதி நோய்த்தடுப்பைவிட ஊசிக்கு ஆள் சேர்க்கவே உதவுகிறது என்ற வாதத்தை ஏற்றார். 2018இல் டொரண்டோ செயின்ட் மைக்கேல்ஸ் வழக்கில் வில்லியம் கேப்லனும் ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டார். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண நடுவருக்கோ 2013இல் இதே விதி நியாயமாகப் பட்டிருந்தது. அங்கே 2019 கடைசியில்தான் கைவிட்டார்கள்.

அடுத்த சில மாதங்களில் ஊசி போட்டவர், போடாதவர், வழக்கறிஞர், நடுவர் என்று சகலரும் முகக்கவசம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.