கோரம் இருந்தது

ஒரு மாவட்டத்தை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். கற்பனை மாவட்டம் என்றே இருக்கட்டும். அதன் மனநல மறுஆய்வு வாரியம் ஆண்டறிக்கை வெளியிட்டிருக்கிறது. வழவழ தாள், வண்ண அட்டை. அட்டையில் இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு மூளை. மூளையிலிருந்து செடி ஒன்று முளைத்திருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மாண்புமிகு யாரோ.

ஆண்டில் நான்கு கூட்டங்கள். நான்கிலும் ‘கோரம் இருந்தது’ என்று மினிட்ஸில் பதிவாகியிருக்கிறது. வாரியத்தில் ஆறு பேர். மூன்று பேர் வந்தால் கோரம் என்று சட்டமே சொல்கிறது. மூன்று பேர் வந்தார்கள். நாலாவது ஆள் போனில் வாழ்த்துச் சொன்னார். மாவட்டத்தில் இன்னொரு கோரமும் இருந்தது. அது மினிட்ஸில் ஏறவில்லை. அதற்கு மூன்று உறுப்பினர்கள் தேவையில்லை, ஒரு சங்கிலி போதும்.

சட்டத்தைக் குறை சொல்ல வழியில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 95ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் மின்னதிர்ச்சி கூடாது என்கிறது. 20ஆம் பிரிவு இன்னும் கீழே இறங்கி வருகிறது: கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக்கூடாது, சீருடை மாட்டச் சொல்லக்கூடாது, வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும், பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் வேண்டியதைக் கொடுக்க வேண்டும். இதை எழுதிய யாரோ ஒருவர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். பார்க்காதவனுக்கு மொட்டையைப் பற்றி எழுதத் தோன்றாது.

பார்க்கிற வேலையைத்தான் வாரியத்திடமும் ஒப்படைத்தார்கள். ஒரு காப்பகத்தில் நோயாளிகளின் உரிமை மீறப்படுவதாகக் கவனத்துக்கு வந்தால் வாரியம் நேரில் ஆய்வு செய்து விசாரிக்க வேண்டும். ஆணையை மதிக்காத காப்பகத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சிறைக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். தலைமை நாற்காலியில் மாவட்ட நீதிபதி, அல்லது அந்தத் தகுதி உடையவர், அல்லது ஓய்வுபெற்றவர். இவ்வளவு பல் உள்ள அமைப்பு நம் ஊரில் அபூர்வம். அதை வைத்துக்கொண்டு நம் மாவட்டத்து வாரியம் ஆண்டு முழுவதும் என்ன செய்தது? ஆலோசனை சொன்னது. அதிகாரத்தைக் கொடுத்தால் ஆலோசனையாகக் கரைத்துக் குடித்துவிடும் வித்தை நமக்கு மட்டும்தான் வரும். ‘விழிப்புணர்வை மேம்படுத்தலாம்.’ ‘ஒருங்கிணைந்து செயல்படுவது நல்லது.’ ‘ஆவன செய்யப்படலாம்.’ அறிக்கை முழுவதும் லாம், லாம், லாம். கோயில் சுண்டலில் கூட இவ்வளவு உதிரி கிடையாது.

‘கவனத்துக்கு வந்தால்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. வந்தால்தானே ஆய்வு? வராமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. அதற்குத்தான் வாரியம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. மகனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அவன் காலில் தழும்பைப் பார்த்து அலறிக்கொண்டு வந்த அம்மா ஒருத்தி படியேறி வந்தாள் என்று வையுங்கள்.

“அய்யா, எம்புள்ளயக் கட்டிப்போட்டு வச்சிருக்காங்கய்யா.”

“எழுத்துமூலமாக் குடுங்கம்மா. ரெண்டு நகல். ஆதார் ஜெராக்ஸ்.”

“எழுதத் தெரியாதுய்யா.”

“கீழ மரத்தடியில எழுதித் தருவாங்க. முப்பது ரூவா கேப்பாங்க.”

மனு கிடைத்தால் 90 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முயன்றார்கள். அறிக்கையின் பிற்சேர்க்கையில், ‘பெறப்பட்ட மனு: 1. உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கே அனுப்பப்பட்டது’ என்று இருக்கிறது. சங்கிலி மாட்டியவருக்கே சங்கிலியைப் பற்றிக் கடிதம் போனது. அவர் பதிலும் எழுதியிருக்கிறார்: ‘புகாரில் உண்மை இல்லை.’ மனு முடித்துவைக்கப்பட்டது.

ஆறு பேரில் இரண்டு நாற்காலிகள் யாருக்கு என்று கவனியுங்கள். மனநோய் உள்ளவர்கள், அல்லது அவர்களைப் பராமரிப்பவர்கள், அல்லது அவர்களுக்கான அமைப்பின் பிரதிநிதிகள், அல்லது தொண்டு நிறுவனத்தினர். நல்ல மனதோடு எழுதிய ‘அல்லது’தான். ஆனால் நம் கோப்புகளில் ‘அல்லது’ எப்போதும் கடைசிப் பெயரில் போய்த்தான் இறங்கும். நோய்ப்பட்டவரில் தொடங்கி, பராமரித்தவரைத் தாண்டி, பொன்னாடை போர்த்த வசதியான ஒரு டிரஸ்டு தலைவரிடம் வந்து நின்றது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே பத்து வருஷமாகக் கடை நடத்துகிற ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். அவரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், கூட்டத்தில் ஏதாவது பேசிவிட்டால் என்ன செய்வது என்கிறார்கள். நியாயம்தான். மற்றவர்கள் யாரும் பேசுவதில்லை.

அக்டோபர் 10 உலக மனநல நாள். ஆண்டின் உச்சம் அதுதான். நர்சிங் கல்லூரிப் பெண்கள் இருநூறு பேர், பத்து மணி வெயில், பதாகை, உறுதிமொழி. ‘மனம் விட்டுப் பேசுவோம்’ என்று கோஷம் போட்டபடி ஊர்வலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. அந்த பஸ் ஸ்டாண்டில் மூன்று வருஷமாக ஒருவர் கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். அன்று மட்டும் அவர் அங்கே இல்லை. ஊர்வலம் வருவதால் காலையிலேயே போலீஸ் அவரை வண்டியில் ஏற்றிப் புறவழிச் சாலையில் இறக்கிவிட்டிருந்தது. இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை என்கிறது அதே சட்டத்தின் 100ஆம் பிரிவு. மூன்று வருஷம் என்றால் எத்தனை 24 மணி நேரம் என்று கணக்குப் போட எனக்குக் கை வரவில்லை.

2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நம் மாவட்ட அறிக்கையில் இதற்கு அரைப் பக்கம். மீதி அரைப் பக்கத்தில் ரங்கோலிப் போட்டியின் புகைப்படம்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு காலைப் பொழுதில் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் சீட்டு எழுதிவிட்டு, மதியம் இன்னொரு தாலுகாவுக்கு ஓடுகிற மனிதர் அவர். அவருக்குக் கொடுத்த ஜீப்பைத்தான் கூட்டத்துக்குச் சமோசா வாங்க அனுப்புகிறார்கள்.

இப்போது ஏர்வாடிக்கு வருவோம். அது கற்பனை இல்லை. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம், தர்காவுக்குப் பெயர்போன ஊர். பேய் பிடித்தது என்றும் புத்தி பேதலித்தது என்றும் நாடெங்கிலுமிருந்து கொண்டுவந்து விட்டவர்களைக் காசுக்கு வைத்துக்கொண்ட தனியார் காப்பகங்களில் ஒன்று. கீற்றுக் கொட்டகையில் தீப் பிடித்தது. காலில் சங்கிலி இருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அன்றும் 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் என்று ஒன்று அமலில் இருந்தது. உரிமம் வாங்கு என்றது, ஆய்வு செய் என்றது.

என்னைத் தூங்கவிடாதது தீ மட்டுமல்ல, அதற்கு அடுத்த வாரமும்தான். அந்த ஒரே வாரத்தில் ஏர்வாடியின் காப்பகங்களை அரசு மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியே எடுத்துத் தன் பொறுப்பில் கொண்டுவந்தது. சங்கிலிகளை அறுக்க ஆள் கிடைத்தது, வண்டி கிடைத்தது, படுக்கை கிடைத்தது, கையெழுத்துப் போடப் பேனாவும் கிடைத்தது. ஆக, முடியாத காரியமில்லை. ஆகஸ்ட் 5ஆம் தேதி அதே வண்டி போயிருக்கலாம். அந்த மாநிலத்தில் அன்று ஒருவருக்கும் அந்தப் பக்கம் வேலை இல்லை.

அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது, விசாரணை ஆணையம் உட்கார்ந்தது, புதுச் சட்டம் வந்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில், முறையான உரிமம் இல்லாத ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அந்தக் கதவைத் திறந்தது வாரியத்தின் ஆய்வு இல்லை. காணாமல்போன ஒரு முதியவரைத் தேடியவர்கள் உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு. சொந்தக்காரன் வக்கீல் வைத்தால்தான் கதவு திறக்கும் என்றால், வக்கீல் வைக்கச் சொந்தம் இல்லாதவன் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். அவனுக்காகத்தான் வாரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் கற்பனை மாவட்டத்துக்குத் திரும்புகிறேன். இரண்டாவது மாடி ஜன்னலில் நின்றால், கண்மாய்க்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை தெரியும். ஜீப்பில் இருபது நிமிஷம். ஜீப்பின் பின்கண்ணாடியில் ‘மனநலம் காப்போம்’ என்று ஸ்டிக்கர் இருக்கிறது. கொட்டகைக்கு வெளியே ‘கருணை’ என்று முடியும் பெயர்ப்பலகை. பதிவு எண் எழுத விட்ட இடம் காலியாக இருக்கிறது. கோடையில் தகரம் எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டுக்கான கூட்ட அட்டவணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்துக்கு நேரே ஒரு கோடு போட்டு, ‘பொருள் ஏதும் இல்லாமையால் கூட்டம் இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.