புரூனோ அப்பா

அடுக்குமாடிக் குடியிருப்பில் இவருக்குச் சொந்தப் பெயர் கிடையாது. வாசலில் பலகை உண்டு, அதில் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களும் உண்டு. ஆனாலும் பால் பாக்கெட் போடுகிற பையன் முதல் அசோசியேஷன் செயலாளர் வரை எல்லோருக்கும் இவர் 'புரூனோ அப்பா'தான். மடிப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று தென்சென்னையில் எந்தக் குடியிருப்பில் விசாரித்தாலும் ஒருவர் அகப்படுவார். நாயின் பெயர் லியோ, சிம்பா, கோகோ என்று மாறலாம், அப்பா மாறமாட்டார். மணி, டைகர், ஜிம்மி எல்லாம் முந்தைய தலைமுறை. அவை தாமாகவே ஊர் சுற்றப் போய், சோற்று நேரத்துக்குத் தாமாகவே திரும்பி வந்தன. அவற்றை யாரும் வாக்கிங் கூட்டிப் போனதில்லை.

புரூனோ வந்தது மகளின் கண்ணீரில். "நானே குளிப்பாட்டுவேன், நானே வாக்கிங் கூட்டிட்டுப் போவேன்" என்று எட்டாம் வகுப்பு மகள் கொடுத்த வாக்கு, முதல் இடைப்பருவத் தேர்வு வரை தாங்கியது. பிறகு பொறுப்பு அம்மாவிடம் போயிற்று. ஒரு நாள் எதிரே ஓடிய பூனையை புரூனோ பார்த்துவிட்டது. அம்மா முழங்கையில் சிராய்ப்போடு திரும்பி, கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, "ஏங்க, இனிமே உங்க பாடு" என்று முடித்துவிட்டாள். அன்று தொடங்கியது புரூனோ அப்பாவின் பொதுவாழ்வு.

பொறுப்பாகத்தான் தொடங்கினார். நாய்க்கு நாளொன்றுக்கு எவ்வளவு நடை வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்தார். குட்டியை விற்றவர், "ரெண்டு வேளை கீழ இறக்கி ஏத்துனா போதும் சார்" என்றார். விற்கிறவர் வேறென்ன சொல்வார்? கால்நடை மருத்துவரோ, "லாப்ரடார் சார். வளர்ந்தப்புறம் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்" என்றார். பிரிட்டனின் கென்னல் கிளப்பும் லாப்ரடாருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றுதான் சொல்கிறது. பீகிளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பக் நாய்க்கு ஒரு மணி நேரம் வரை. சிவாவாவுக்கு அரை மணி நேரம் வரை. பட்டியலை ஊன்றிப் படித்த புரூனோ அப்பாவுக்குச் சிவாவாவின் கணக்குதான் மனதுக்குப் பிடித்திருந்தது. முப்பத்தைந்து கிலோ புரூனோவுக்கு அதையே அமல்படுத்திவிட்டார்.

மருத்துவர் சொன்ன இன்னொன்று இவர் மனதில் பசுமரத்தாணியாகப் பதிந்திருக்கிறது: குட்டியின் மூட்டும் எலும்பும் முற்றாதவரை அதிகம் நடத்தக் கூடாது. புரூனோவுக்கு இப்போது வயது நான்கு. "குட்டிதானே, பாவம்" என்கிறார் இன்னமும்.

லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில், குளிர்ந்த கடலில் குதித்து மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்தவை. இழுப்பது பரம்பரைத் தொழில். மடிப்பாக்கத்தில் வலை இல்லை. அதனால் அப்பாவை இழுக்கிறது.

நடையின் நீளத்தை இவர் மணியாலும் அளப்பதில்லை, கிலோமீட்டராலும் அளப்பதில்லை. 'காரியம்' முடிந்ததா என்பதே கேள்வி. முடிந்த அடுத்த நொடி வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவார். இதை புரூனோ கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. காரியம் முடிந்தால் வீடு, முடியாதவரை உலா! ஆகவே ஒவ்வொரு மின்கம்பத்தையும் அது முகர்கிறது, மூன்று முறை சுற்றுகிறது, முதுகை வளைக்கிறது; இவர் முகம் மலர்கிற நேரம் பார்த்து நிமிர்ந்து நடந்துவிடுகிறது. "கமான் புரூனோ! டூ இட்! குட் பாய்!" என்று இவர் நடுத்தெருவில் கெஞ்சுகிறார். மகளிடம், "வீட்ல தமிழ்ல பேசு" என்று தினமும் கண்டிப்பவர் இவர்தான்.

முகர்ந்து பார்ப்பது நாய்க்கு நடையில் பாதி. இவருக்கோ அது நேர விரயம். கயிற்றைச் சுண்டி இழுப்பார். ஆனால் இஸ்திரி வண்டி அருகே யாராவது மெட்ரோ வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் இருபது நிமிடம் நிற்பார். அந்த இருபது நிமிடமும் புரூனோவின் நடைக் கணக்கில் வரவு வைக்கப்படும்.

பாதையையும் இவர் தீர்மானிப்பதில்லை. மூன்றாவது குறுக்குத் தெரு ஒரு கறுப்பு நாயின் கூட்டத்துக்குச் சொந்தம். பால் பூத் முனை, ஒற்றைக் காது மடிந்த தாய் நாயின் ஆட்சி. குட்டி போட்ட மாதங்களில் அங்கே மனிதருக்கே அனுமதி இல்லை. இரண்டு சாம்ராஜ்யத்துக்கும் நடுவே மிஞ்சுவது, இஸ்திரி வண்டியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை ஒரு துண்டு ரோடு. அதில் போய்விட்டு லிஃப்டில் ஏறி, "தினம் அஞ்சு கிலோமீட்டர் சார், விடறதே இல்லை" என்பார். மூச்சு வாங்குவதால் நாமும் நம்பிவிடுகிறோம்.

கோடைதான் இவருக்குக் கை கொடுக்கும் காலம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதனால் மே மாதத்தில் விடியலிலோ இருட்டிய பிறகோதான் கூட்டிப் போக வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. இந்தச் சோதனையை இவர் தவறாமல் செய்கிறார், காலை ஒன்பது மணிக்கு எழுந்து வந்து. சுடுகிறது; நடை ரத்து. ஐப்பசியிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். ஈரமாக இருக்கிறது; ரத்து. மார்கழியில் சில்லென்று இருக்கிறது, ரத்து.

நடக்காத கால்களின் சக்தி பல்லுக்கு வந்து சேரும். புரூனோ இதுவரை மூன்று ரிமோட், கணக்கில்லாத செருப்பு, ஒரு பள்ளிப் பை ஆகியவற்றை முடித்துவிட்டு, போன தீபாவளிக்கு வாங்கிய சோபாவில் கை வைத்தது. பஞ்சு பால்கனி வரை பறந்தது. புரூனோ அப்பா காரணங்களை வரிசையாக ஆராய்ந்தார்: கால்சியம் குறைவு, வயிற்றில் பூச்சி, பல் முளைக்கிறது, ஐந்தாவது மாடிக்காரர் கண் வைத்துவிட்டார். மாத்திரை கொடுத்தார், மருந்து கொடுத்தார், எலுமிச்சம்பழம்கூடச் சுற்றிப் போட்டார். நடை என்ற ஒன்று அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை.

இத்தாலியில் தூரின் என்ற நகரம் 2005-இல் ஒரு விதி கொண்டுவந்தது. நாயை நாளுக்கு மூன்று வேளை நடத்த வேண்டும். தவறினால் 500 யூரோ வரை அபராதம். சைக்கிளில் போனபடி நாயைக் கூட்டிப் போகலாம், ஆனால் அது களைத்துப்போகக் கூடாது. ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே தன் ஜெர்மன் ஷெப்பர்டை ஓட்டிப் போகிற 'பி' பிளாக் வாலிபன் கேட்க வேண்டிய சங்கதி. புரூனோ அப்பா கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். "அவங்க ஊர்ல வெயில் கிடையாது சார்" என்றார்.

எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த இளம் தம்பதி பீகிள் குட்டி வாங்கப் போகிறார்களாம். யோசனை கேட்க இவரிடம்தான் வந்தார்கள். புரூனோ அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிசிப்ளின்தான் முக்கியம் தம்பி. மழையோ வெயிலோ, காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நாய்க்கு லீவே கிடையாது."

"ரெண்டு பேருக்கும் ஐடி வேலை அங்கிள். அவ்வளவு நேரம் முடியலைன்னா?"

புரூனோ அப்பா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பிளாஸ்டிக் நாற்காலியா வாங்கிப் போட்டுடுங்க."