டைம்ஸ் ஸ்கொயரில் ஒரு ஜட்டிக்காரன்

நியூ ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு இருமல் நின்றதா?

போன சனிக்கிழமை நியூயார்க் போனோம். டைம்ஸ் ஸ்கொயரில் மூன்று மாடி உயரத்துக்கு ஒருத்தன் வெறும் ஜட்டியோடு நிற்கிறான். "அந்த அங்கிளுக்குக் குளிராதாம்மா?" என்றாள் சின்னவள். இவர் அவசரமாகச் செல்போனை எடுத்து மணி பார்த்தார்.

திருப்பூர்க்காரிகளுக்கு இதெல்லாம் புதுசா? சுவரிலும் டவுன் பஸ் முதுகிலும் ஜட்டி பனியனோடு இடுப்பில் கை வைத்து நின்றவர்களைப் பார்த்துக்கொண்டேதானே பள்ளிக்கூடம் போனோம்! டிவியில் நடிகர் தலிப் தாஹில் நடித்த வி.ஐ.பி. ஜட்டி விளம்பரம் வந்தால் அப்பா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பார். படம் பாட்டுக்கு ஓடும்; சத்தம்தான் ஆபாசமாம்.

அவ்வளவு விளம்பரம் பார்த்தும் அப்பா ஒரு ஜட்டி வாங்கியதுண்டா? அம்மாதான் காதர்பேட்டையில் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்துப் பார்த்து, உள்பக்கம் திருப்பி, "ஓவர்லாக் பிரிஞ்சிருக்குது, வெலயக் கொறைங்க" என்று மல்லுக்கட்டி அரை டஜன் எடுத்து வருவாள். அப்பாவுக்குத் தன் சைஸே தெரியாது.

இங்கேயும் அதே கதைதான்: படம் யாருக்கோ, ஜட்டி யாருக்கோ. 1982இல் இதே டைம்ஸ் ஸ்கொயரில் கால்வின் கிளைன் என்ற ஜட்டிக் கம்பெனி ஒரு பெரிய விளம்பரம் வைத்தது. டாம் ஹிண்ட்னாஸ் என்ற கோலூன்றித் தாண்டும் வீரரை சான்டோரினித் தீவுக்குக் கூட்டிப்போய், வெள்ளை ஜட்டியோடு சாய்ந்து நிற்கவைத்து புரூஸ் வெபர் எடுத்த படம். பஸ் ஸ்டாப்புகளில் வைத்த அதே படத்தைக் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு போனார்களாம். போனவர்கள் ஜட்டி வாங்க வக்கில்லாதவர்களா என்ன? பெண்களும் உண்டு, ஆண்களை விரும்பும் ஆண்களும் உண்டு. கம்பெனிக்காரனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

2007இல் நம் ஊரில் வந்த அமுல் மாச்சோ ஜட்டி விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? புதுப்பெண் ஒருத்தி புருஷன் ஜட்டியைத் துவைத்துக்கொண்டே கிறங்குவாளே, அரசாங்கம்கூடத் தடை போட்டதே, அதுதான். என்னைக் கேட்டால் நம் ஊரில் அது ஒன்றுதான் ஆள் தெரிந்து எடுத்தது. மற்றவர்களெல்லாம் போடுகிறவனைப் பார்த்துப் பேசினார்கள்; அந்தக் கம்பெனிக்காரன்தான் துவைக்கிறவளிடம் பேசினான்.

மாமா வரும்போது இவருக்கு 95 சைஸில் ஒரு டஜன் கொடுத்துவிடு. எலாஸ்டிக்கை நன்றாக இழுத்துப் பார். சந்தேகமென்றால் எனக்குப் போன் பண்ணு. இவரிடம் கேட்காதே, தெரியாது.

உன் தங்கை