உயர்திரு நிர்வாக நலன் அவர்கள் சமூகத்துக்கு

அனுப்புநர்: போன வாரம் வரை டைம் ஆபீசில் இருந்தவள், நத்தம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு நிர்வாக நலன் அவர்கள், எல்லா மில்களும், எல்லா அலுவலகங்களும்.

பொருள்: தங்கள் உடல்நிலை குறித்துக் கவலை தெரிவித்தல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நலம், நலமறிய ஆவல். சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை; நிஜமாகவே பதறிப்போய்க் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஷிப்டுக்கு வந்தபோது நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். "நிர்வாக நலன் கருதி" என்னை டைம் ஆபீசிலிருந்து வேடசந்தூர் தாண்டி இருக்கிற இரண்டாம் யூனிட்டின் வேஸ்ட் குடோனுக்கு மாற்றியிருக்கிறார்களாம். கையெழுத்து பெர்சனல் மேனேஜருடையது. ஆனால் அவர் தனக்காகச் செய்யவில்லை, உங்களுக்காகச் செய்ததாக எழுத்திலேயே சொல்லியிருக்கிறார். அதனால் அவரைத் தொந்தரவு செய்யாமல் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். கழிவுப் பஞ்சுக்கு நடுவில் நான் உட்கார்ந்தால் உங்களுக்கு உடம்பு தேறும் என்று எந்த வைத்தியர் சொன்னாரோ தெரியவில்லை. கைராசிக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

தாளை ஒட்டியிருந்த இடத்தையும் பாராட்ட வேண்டும். பாலியல் புகார்களை விசாரிக்கிற கமிட்டியை அமைத்த உத்தரவை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்று, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. நம் மில்லிலும் உறுப்பினர் பட்டியலோடு வைத்திருக்கிறார்கள். பையர் ஆடிட் வருகிற அன்று தூசிகூடத் தட்டுவார்கள். என் மாறுதல் உத்தரவை அந்தப் பட்டியலுக்கு மேலேயே ஒட்டிவிட்டார்கள். தலைவியின் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். பசை காய்வதற்குள் ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். ஹாஸ்டல் பிள்ளைகள் வரிசையில் நின்று படித்தார்கள், படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பஞ்ச் வைக்கப் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் யாரும் இனி இரண்டு வருடத்துக்கு வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரே ஒரு தாளில் இவ்வளவு சிக்கனமாக வேலையை முடித்த நிர்வாகத்துக்கு ஏதாவது உற்பத்தித்திறன் விருது கொடுக்கலாம்.

உங்கள் உடம்புவாகு எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. வருகைப் பதிவேட்டைப் பார்க்கிற சாக்கில் சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து தோளில் கை ஊன்றியபோது நீங்கள் நலமாக இருந்தீர்கள். "நைட் வேண்டாம்னா எங்கிட்ட வந்து தனியா சொல்லு" என்று ஸ்பின்னிங் பிள்ளைகளிடம் அவர் சிரித்தபோதும் நலம். ராத்திரி பதினொரு மணிக்கு என் போனில் அவர் அனுப்பியதையெல்லாம் நான் வீட்டில் யாருக்கும் காட்டாமல் அழித்துக்கொண்டிருந்த நாட்களில் தும்மல்கூட வரவில்லை உங்களுக்கு. இரண்டு பக்கம் புகார் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் பாருங்கள், அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. கை படுவதெல்லாம் தாங்குகிற உடம்பு காகிதம் பட்டால் தாங்கவில்லை.

கமிட்டி என்னை விசாரித்ததைச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசரை விசாரித்தார்களா என்பது கமிட்டிக்கே வெளிச்சம். தலைவி மேடம் அன்பானவர். "ஏம்மா, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன், நாளைக்கு ஒனக்கும் ஒரு கல்யாணம் காச்சின்னு வரும்" என்று ஆரம்பித்தார். ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டார். மூன்று மாதத்துக்குள் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறதே மேடம் என்றேன். சட்டமெல்லாம் படிக்கிறாயா என்று கவலையோடு குறித்துக்கொண்டார். கமிட்டியில் வெளி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும்; நம்முடையவர் பெயருக்கேற்றபடி வெளியிலேயே இருக்கிறார். விஷயம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 16-ஆம் பிரிவை எனக்கு மட்டும் வாசித்துக் காட்டினார்கள். நான் வெளியே வந்தபோது கேண்டீனில் டீ ஆற்றுகிறவர் வரைக்கும் தெரிந்திருந்தது. ரகசியத்தை அத்தனை பேரும் சேர்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள்.

மாசியில் நம்மூர் மாரியம்மன் கோயிலில் கழுமரம் ஏறுகிறார்களே, அங்கே வழுக்கி இறங்குகிறவனுக்குக் கீழே இருக்கிறவன் தோள் கொடுப்பான். கமிட்டி மரத்தில் எண்ணெய் மட்டும்தான், தோள் கிடையாது.

ஒரு சின்னச் சந்தேகம். 12-ஆம் பிரிவின்படி, விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவள் எழுதிக் கேட்டால், அவளையோ அவள் புகார் சொன்னவரையோ இடம் மாற்றக் கமிட்டி பரிந்துரைக்கலாம். அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்புக்கும் பரிந்துரைக்கலாம். நானும் எழுதிக் கேட்டேன், அவரை மாற்றச் சொல்லி. என் மனுவில் "இடமாற்றம்" என்கிற சொல் மட்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. யாரை என்பதைப் படிப்பதற்குள் தலைசுற்றல் வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் இப்போதும் அதே ஷெட்டில், அதே சாவிக்கொத்தோடு இருக்கிறார். நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு பஸ், அங்கிருந்து வேடசந்தூருக்கு இன்னொரு பஸ், இறங்கி ஷேர் ஆட்டோ, எல்லாம் எனக்கு. சம்பளத்தில் பஸ் காசு எவ்வளவு போகும் என்று என் அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். உங்கள் மருத்துவச் செலவு எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து போகிறது ஐயா.

எனக்கு மட்டும்தான் இந்தப் பாக்கியம் என்று கர்வப்பட முடியவில்லை. ஐ.பி.எஸ். படித்த அம்மாவுக்கே நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்க அந்தப் பெண் அதிகாரி சென்னைக்குக் காரில் போனார். பரனூர் சுங்கச்சாவடியில் செங்கல்பட்டு எஸ்.பி. போலீஸ் படையோடு வந்து வழிமறித்தார். புகார் கொடுக்கப் போகிற போலீசை, புகாருக்கு ஆளான போலீசுக்காக, போலீசே மறித்தது. அன்று நிர்வாக நலன் எவ்வளவு மோசமாக இருந்திருந்தால் நடுரோட்டுக்கே வைத்தியம் வந்திருக்கும்! 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் டி.ஜி.பி.க்கு மூன்றாண்டு சிறை விதித்தது. வழிமறித்த எஸ்.பி.க்கு அபராதம் 500 ரூபாய். ஐநூறு ரூபாயை மாதத் தவணையில் கட்டலாமா என்று தெரிந்தால் நம் பெர்சனல் மேனேஜருக்கு உதவியாக இருக்கும்.

பாடகி சின்மயிக்கு வேறு மாதிரி வந்தது. 2018 அக்டோபரில் கவிஞர் வைரமுத்து மீது அவர் பாலியல் தொல்லைக் குற்றம் சாட்டினார். நவம்பரில் டப்பிங் யூனியன் அவரை நீக்கியது. காரணம், சந்தா பாக்கியாம். "96" படத்தில் த்ரிஷாவுக்குக் கொடுத்த குரலை ஊரே கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. யூனியனுக்கு மட்டும் சந்தா ரசீது கேட்டது. குற்றம் சாட்டியவள் வேலை இழப்பாள்; சாட்டப்பட்டவர் மேடையில் இருப்பார். இதில் புரியாதது எதுவும் இல்லை, வியப்பதற்கும் எதுவும் இல்லை.

என்னை அனுப்பியிருக்கிற திசையில்தான் கைத்தியான்கோட்டை இருக்கிறது. நம் மில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாதீர்கள். அங்கே நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண், 2021 ஜனவரியில் பிணமாகக் கிடைத்தாள். தலித் குடும்பம். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். மாதக்கணக்கில் அவர் தொல்லை கொடுத்ததையும், புகார் சொன்னால் வேலை போய்விடும் என்று மகள் பயந்ததையும் அவள் அம்மா வெளியே வந்து சொன்னார்.

வேலை போய்விடும் என்று பயந்தாள். அதைத்தான் சொல்கிறேன். அந்தப் பயத்தை அவளுக்குள் வைத்தது யார்? நோட்டீஸ் போர்டில் இப்படி ஒட்டுகிற ஒவ்வொரு தாளும்தான் வைத்தது. வாயைத் திறந்தால் வேலை போகிறது, திறக்காவிட்டால் உயிர் போகிறது. இரண்டில் எது வேண்டும் என்று இருபது வயதுப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். அதற்கு நலன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நாக்குக் கூசவில்லையா உங்களுக்கு?

மன்னிக்க வேண்டும். தங்களுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்பதை மறந்துவிட்டேன். சாந்தமாகப் பேசுவோம்.

அந்தச் சாவுக்குப் பிறகு நம் மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு ஒப்பந்தம் வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். 2022 ஏப்ரலில் வந்த திண்டுக்கல் ஒப்பந்தம். பெண்கள் நடத்துகிற, பெரும்பாலும் தலித் பெண்கள் சேர்ந்திருக்கிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், திவ்யராகினி தலைமையில், நாச்சி ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியை எதிரே உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியது. எச் அண்டு எம், கேப், பி.வி.எச். என்கிற மூன்று பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்பது அதில் முக்கியமான ஷரத்து. தையல் லைனில் இருக்கிற பெண்களே கண்காணிப்பாளர்கள். கம்பெனி சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டரில் கை வைப்போம் என்று பிராண்டுகள் ஒத்துக்கொண்டன. அதே வருடம் ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி ஆலையின் துணியைத் துறைமுகத்தில் நிறுத்தச் சொன்னது, செப்டம்பரில்தான் விட்டது. ஆர்டர் நிற்கும் என்றதும் உங்கள் குலத்தாருக்கு எவ்வளவு சீக்கிரம் உடம்பு குணமாகிறது, பார்த்தீர்களா! சட்டப்புத்தகத்தில் 50,000 ரூபாய் அபராதம் என்று போட்டதற்குப் பதிலாக கண்டெய்னரை நிறுத்துவோம் என்று ஒரு வரி போட்டிருந்தால் 2013-லேயே நீங்கள் ஆரோக்கியமாகியிருப்பீர்கள். நம் மில் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. நூல் நூற்கிறவளுக்கும் சட்டை தைக்கிறவளுக்கும் ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஒப்பந்தம் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது.

இன்று காலை இன்னொரு மெமோ வந்தது. இரண்டாம் யூனிட்டில் சேராமல் இருப்பதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்; பொய்ப் புகார் என்று தெரிந்தால் 14-ஆம் பிரிவின்படி நடவடிக்கை என்றும் எழுதியிருக்கிறார்கள். நிரூபிக்க முடியாமல் போவதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. வேலைக்குக் கேடு வரும் என்று மிரட்டுவதும் துன்புறுத்தலில் சேரும் என்று 3-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. இரண்டையும் படித்தால் தங்களுக்கு மறுபடி காய்ச்சல் வரும் என்று விட்டுவிட்டார்கள் போலும். நல்ல வேளை.

விளக்கம் இதுதான். வேஸ்ட் குடோனுக்கு நான் போகப் போவதில்லை. என் புகாரின் மீதான விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். முடித்து 10 நாளில் அறிக்கையின் நகலை எனக்குத் தர வேண்டும். சூப்பர்வைசரை அந்த ஷெட்டிலிருந்து மாற்ற வேண்டும். பட்டியலின் மேல் ஒட்டிய தாளைக் கிழிக்க வேண்டும்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஒன்று. எழுத வராவிட்டால் பரவாயில்லை, வாயால் சொன்னால் எழுத உதவுவது கமிட்டியின் கடமை. கமிட்டியே சரியில்லை என்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போடுங்கள், பைசா கிடையாது. நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் போனை வாங்கி வைத்திருந்தால் லீவில் ஊருக்குப் போகும்போது போடுங்கள்.

இந்தக் கடிதத்தின் நகலை வருகிற திங்கட்கிழமை திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கிறேன். கூட வருவதாக வைண்டிங்கிலிருந்து இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.