இடது கீழ் மூலை

சென்ற வாரம் மேகமலையில், தேயிலைத் தோட்டங்களின்மீது கவிந்திருந்த மூடுபனி மெல்ல விலகி, நீர்த்தேக்கத்தின் பரப்பில் கீழ்வானத்துச் செம்மை முழுவதும் இறங்கி நின்ற ஒரு முகூர்த்தத்தில், அட்டைகளுக்கு இரத்ததானம் செய்தவண்ணம் நான் எடுத்த படமொன்றை நெடுநாளைய நண்பர் ஒருவருக்கு அனுப்பிவைத்தேன். அவரும் நம்மைப் போலக் காமிராவும் டிரைபாடுமாக அலைகிறவர். பதில் உடனே வந்தது. “இடது கீழ் மூலை கொஞ்சம் சாஃப்டாக இருக்கிறதே, என்ன லென்ஸ்?” அவ்வளவுதான். சூரிய பகவானைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இயற்கைக் காட்சிகளை எடுப்பதற்கு எனக்கு மிகவும் உகந்த வைட் ஆங்கிள் லென்ஸ் எது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவி, இவரைப் போன்றவர்களின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடுவது என்ற சங்கற்பத்துடன் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்குமுன் மூலையைப் பற்றி இரண்டொரு வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன்.

மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தவுடன், ஸ்நானத்துக்கும் போஜனத்துக்கும் முன்பாக, மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிப் படத்தை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மலையையும் மேகத்தையும் ஏறெடுத்தும் பாராமல் நேரே மூலைக்குப் போகிறோமே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு புல் இருக்கும். புல் இல்லாவிட்டால், நமக்கு முன்னால் வந்துபோன பிரகஸ்பதி தின்றுவிட்டு எறிந்த சிப்ஸ் பாக்கெட் இருக்கும். பல சமயங்களில் நம்முடைய டிரைபாடின் காலே இருக்கும். அந்தப் புல்லின் நுனி உண்மையிலேயே பதிந்திருக்கிறதா, அல்லது பதிந்திருப்பதாக ஒரு வதந்தி மட்டும் நிலவுகிறதா என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஆராய்கிறோம். வலது மூலையில் தெளிந்திருக்கும் புல் இடது மூலையில் குழம்பியிருக்குமானால் அன்றிரவு தூக்கம் போயிற்று. லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மயிரிழை விலகியிருக்கிறது என்று நிச்சயித்து, மறுநாள் காலை செங்கல் சுவர் தேடிப் புறப்பட்டுவிடுகிறோம்.

செங்கல் சுவருக்கு எங்கே போவது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் பூச்சுக் காணாத மதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வரிவரியாகச் செங்கல்லும் சாந்தும் தெளிவாகத் தெரியும் அந்தப் புண்ணிய மதிலின் முன்னால் நின்று, நான் வாங்கிய லென்ஸ் ஒவ்வொன்றும் தன் நான்கு மூலைகளுக்கும் பிரமாணம் செய்திருக்கிறது. போன தை மாதம் அதன் சொந்தக்காரர், புதுமனைப் புகுவிழாவை முன்னிட்டு, எவரையும் ஒரு வார்த்தை கலந்தாலோசிக்காமல் அதற்குச் சிமெண்டு பூசி மஞ்சள் வர்ணமும் அடித்துவிட்டார். அவர் வீடு, அவர் சுவர். நான் ஆட்சேபிக்க நியாயமில்லைதான். ஆனாலும் விழாவுக்கு நான் போகவில்லை.

மூலைக்கு இத்தனை உபசாரம் இன்றைக்கு நேற்றைக்குத் தொடங்கியதன்று. அச்சிலிருந்து ஒளி எவ்வளவு சாய்ந்து வருகிறதோ, அந்தக் கோணத்தின் கோசைன் மதிப்பின் நான்காம் அடுக்கை ஒட்டி வெளிச்சம் குறையும் என்பது பழைய கணக்கு. முழு அளவு சென்சார் கொண்ட காமிராவில் 14 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை 114 பாகையைப் பார்க்கிறது. எளிய அமைப்புள்ள லென்ஸாக இருந்தால், நடுவில் விழுகிற ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட மூலைக்குப் போய்ச் சேராது. 1900-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோயர்ஸ் கம்பெனியார் செய்த ஹைப்பர்கான் என்னும் லென்ஸ் 130 பாகைக்கு மேல் பார்த்தது. நடுவில் பிரகாசமும் ஓரத்தில் அந்தகாரமுமாகப் படம் வந்தது. பரிகாரமாக, லென்ஸுக்கு முன்னே நட்சத்திர வடிவில் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தி, ரப்பர் பந்தை அமுக்கி அதன்மேல் காற்றை ஊதச் சொன்னார்கள். சக்கரம் சுழன்று நடுப்பகுதிக்கு வரும் ஒளியை மறைக்கும். மூலைகளின் பசி அடங்கியபிறகு சக்கரத்தை விலக்கி நடுவுக்கும் கொஞ்சம் ஒளி கொடுக்க வேண்டும். எதிரே கோபுரம் நின்றாலும் மலை நின்றாலும், படமெடுப்பவர் மூலைக்காகப் பந்து அமுக்கிக்கொண்டிருப்பார்.

இதற்கு 42 வருஷம் முன்பே, 1858-இல், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் படமெடுக்க வந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப்புக்கு இந்தச் சனியன் எதுவும் கிடையாது. காமிராவின் பார்வைக்கு அடங்காததை அவர் காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சித்திரமாக ஆக்கினார். அத்தனை நீளத்துக்கும் மூலை நான்குதான். மகானுபாவர்!

மூலை தெளிய வேண்டுமென்றால் அபெர்ச்சரைக் குறை என்பார்கள். எஃப் 8 வரை, போனால் எஃப் 11 வரை குறைக்கலாம். அதற்குமேல் பேராசைப்பட்டு எஃப் 22-க்குப் போனால் ஒளி விளிம்பில் சிதறி, படத்தின் நடுவும் மூலையைப் போலவே சாஃப்டாகி, பரிபூரண சமத்துவம் ஏற்பட்டுவிடும். 1932-இல் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ் முதலியோர் தங்கள் குழுவுக்கே எஃப் 64 என்று பெயர் வைத்துக்கொண்டார்களே என்றால், அவர்களுடைய பிலிம் தாம்பாளம் அளவுக்கு இருந்தது.

மூலையில் நிற்கும் மனிதர்களின் கதி வேறு. அங்கே எல்லாம் வெளிப்புறமாக இழுபடும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்ற என் ஒன்றுவிட்ட சித்தப்பா, அன்று தொட்டு என் காமிராவைக் கண்டாலே நடுவில் வந்து நின்றுகொள்கிறார்.

மலையைப் பற்றியும் சொல்லவேண்டும் அல்லவா? 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியைத் தொலைவில் நின்று 14 மில்லிமீட்டரில் எடுத்துக் கொண்டுவந்து காட்டினேன். என் மனைவி திரையில் ஏதோ தூசி என்று முந்தானையால் துடைத்தாள். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ‘ஃபோர்கிரவுண்டில் ஏதாவது வை’ என்று உபதேசிக்கிறார்கள். நாமும் ஒரு பாறையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு சாண் தூரத்தில் மண்டியிட்டு எடுக்கிறோம். யோசித்துப் பார்த்தால் இத்தனை வருஷமாக நான் எடுத்திருப்பவை மலைப்படங்கள் அல்ல. தென்னிந்தியாவின் முக்கியமான பாறைகள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன.

இனி, வாக்களித்தபடி லென்ஸுக்கு வருகிறேன். 2007-இல் நைக்கான் கம்பெனியார் 14 முதல் 24 மில்லிமீட்டர் வரையிலான ஜூம் லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்த நாளாக, முன்கண்ணாடி முட்டை விழியாகப் பிதுங்கி நிற்கும் லென்ஸ்கள்மீது நம்மவர்களுக்கு ஒரு மோகம். கானனின் 11–24 லென்ஸ் 1,180 கிராம். தூக்கிக்கொண்டு மலையேறியவர்கள் அதைக் கிராமில் சொல்வதில்லை. பிதுங்கிய கண்ணாடிக்குச் சாதாரண ஃபில்டர் திருக முடியாது. அதற்கு 150 மில்லிமீட்டர் அகலத்தில் தனி ஹோல்டர், அதில் செருகச் சதுரக் கண்ணாடிகள், அவற்றுக்கு உறை, உறைகளுக்கு ஒரு பை, பைக்கு ஒரு தோள் என்று சம்சாரம் பெருகிக்கொண்டே போகும். தனித்தனி 20, 24 பிரைம் லென்ஸ்களே போதும் என்று நியாயமாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் கடைசியில் இரண்டையும் வாங்கி, எதை எடுத்துப் போவது என்று வாசற்படியிலேயே சூரியோதயத்தைக் கழிக்கிறார்கள்.

இவற்றுள் எனக்கு உகந்தது எது என்பதை விவரிக்க இந்த இதழில் இடமில்லை. தற்சமயம் என்னிடமுள்ள 14 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஹோல்டரோடும் கண்ணாடிகளோடும் விலைக்கு இருக்கிறது. வேண்டுவோர் பத்திரிகை விலாசத்துக்கு எழுதலாம். வலது மூலைகள் இரண்டும் மிகவும் நன்றாக இருக்கும்.